ஜன்னலோர சீட்டு

என் மகளை நான் ஒரு ஜன்னலோர சீட்டுக்கு விற்றேன். இதை இன்னும் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லலாம்தான். எனக்கு அது வராது.

சேதராப்பட்டில் ஒரு சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை எனக்கு. காலை ஏழே முக்காலுக்கு முத்தியால்பேட்டையில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். முப்பது பெண்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பழைய ஆட்களுக்கு ஜன்னலோரம். புது ஆட்களுக்கு டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் இடம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் அந்தச் சூட்டில்தான் உட்கார்ந்து போனேன். ஒருத்தியும் என்னோடு பேச மாட்டாள். பேசாமல் இருப்பது எனக்குச் சாப்பிடாமல் இருப்பதைவிடக் கஷ்டம்.

அந்தச் சமயத்தில்தான் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். அவள் அப்போது ஆறாம் வகுப்பு. வெளியிலிருந்து ஒரு கவுன்சலர் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, பெரிய பொட்டு, வாழ்க்கையில் யாரையும் கத்தித் திட்டியே பழக்கமில்லாத குரல். “பதினோரு வயசுல பிள்ளைங்க வாயை மூட ஆரம்பிப்பாங்க. இப்பவே பேச வெச்சாதான் உண்டு” என்றார். தினமும் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டுமாம். போனைத் தூர வைத்துவிட்டு, பிள்ளையின் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டுமாம். திட்டக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. பிள்ளை பேச்சை நிறுத்தினால் “அப்புறம்?” என்று மட்டும் கேட்க வேண்டும். பிள்ளை சொன்னது உங்களோடு இருக்கட்டும் என்றும் சொன்னதாக ஞாபகம். அந்த நேரத்தில் பின்வரிசைக்கு டீ வந்துவிட்டது.

வெட்டி வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் செய்து பார்த்தேன். வீட்டில் பேச்சுத்துணைக்கு வேறு ஆளும் இல்லை. என் கணவர் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் உடைத்து ஏற்றுகிறார். விடியுமுன் போய், மத்தியானம் வந்து, சாப்பிட்டுப் படுத்தால் கட்டையாகத் தூங்குவார். இந்தக் கதையில் அவருடைய ரேசர் மட்டும்தான் வருகிறது.

முதல் நாள் நான் போனை அலமாரியில் வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்ததும் மகள் பயந்துபோனாள். “இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?” என்றாள். ஒரு வாரம் ஹோம்வொர்க், மதியச் சாப்பாடு என்று மேலோட்டமாகவே பேசினாள். நான் விடவில்லை. அப்புறம்? அப்புறம்? மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், கையால் வாயை மூடிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். நான் நாலு தடவை “அப்புறம்?” என்றதும் கையை எடுத்தாள். மேலுதட்டோரத்தில் ஒரு வெட்டு. ரத்தம் காய்ந்திருந்தது.

“மா, எனக்கு மீசை இருக்காம்மா?”

அவளுக்கு உதட்டின் மேல் கொஞ்சம் பூனைமுடி உண்டு. எனக்கும் உண்டு. அதுவரை பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் அதைக் கவனித்ததில்லை. அவளே கண்ணாடியில் பார்த்துப் பயந்து, அப்பாவின் ரேசரை எடுத்து வழித்து, பாதியில் வெட்டிக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

“யாருகிட்டயும் சொல்லாதம்மா. சத்தியம் பண்ணு.”

“உன் மேல சத்தியம்டி” என்று அவள் தலையில் கை வைத்தேன். அவள் என் மடியில் விழுந்து அழுதாள். அவள் அழும்போது இடையிடையே ஒரு விக்கல் வரும், சேவல் பாதிக் கூவலில் நிறுத்தினாற்போல. முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பஸ் கோரிமேட்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. டிரைவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்திருந்தார், அதைப் பற்றிப் பேச்சு வந்தது, என் வாய் சும்மா இருக்கவில்லை. “எங்க வூட்ல ஒரு மீசைக்காரி இருக்கா தெரியுமா?” என்றேன். முதல் முறையாக முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. அதற்கப்புறம் என்னை நிறுத்த யாரால் முடியும்? ஒரு பக்க மீசையை எடுத்துவிட்டு மறுபக்க மீசையோடு வந்து நின்றாள் என்று கைச்சரக்கையும் சேர்த்தேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. “அப்புறம்? அப்புறம்?” என்றார்கள். அழுது காட்டினேன். அந்த விக்கலோடு.

பஸ்ஸிலேயே பழைய ஆள் ஒரு அக்கா. பதினைந்து வருட சர்வீஸ், அவள் வைத்ததுதான் அங்கே சட்டம். அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இன்னாத்துக்கு அந்தச் சூட்டுல குந்தியிருக்க? இங்க வா” என்றாள். அவளே இந்தப் பக்கம் நகர்ந்து ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். காற்று முகத்தில் அடித்தது. நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த அக்காவுக்கு ஒரு மகள் உண்டு. என் மகளின் வகுப்பில்தான் படித்தாள். அது எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்தால் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் பஸ்ஸில் எனக்காகக் காத்திருந்தார்கள். “மீசைக்காரி இன்னா சொன்னா நேத்து?” என்று அக்கா ஆரம்பித்து வைப்பாள். மகளுக்கு இருட்டில் பல்லிக்குப் பயம் என்று சொன்னேன். பாட்டுப் போட்டியில் அடுத்த வரி மறந்துபோய் மேடையிலேயே ஒன்றுக்குப் போனதைச் சொன்னேன். தன்னை மட்டும் யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை என்று அவள் சொன்னதை, அவள் குரலிலேயே சொன்னேன். சாயங்காலம் கால் மணி நேரம் கொள்முதல், காலையில் நாற்பது நிமிடம் விற்பனை. புதுசாக ஏதும் கிடைக்காத நாளில் எனக்கு அவள்மேல் எரிச்சல்கூட வந்தது.

அவளை வகுப்பில் மீசை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, அவள் உட்பட. ஆனால் அவள் பேச்சை மட்டும் நிறுத்தவே இல்லை. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகப் பேசினாள். ஏழாம் வகுப்புக்குப் போனதும் கதைகள் பிரமாதமாக வந்தன. கணக்கு சாரின் டை ஃபேனில் மாட்டிக்கொண்டது. பீச் ரோட்டுக்கு அழைத்துப் போனபோது நாய் ஒன்று டீச்சரின் செருப்பைக் கவ்விக்கொண்டு கடலில் இறங்கியது. ஆரம்பம், இழுப்பு, கடைசியில் ஒரு வெடிச்சிரிப்பு. என் ரத்தம் ஓடுகிறது என்று பூரித்துப்போனேன்.

ஒருநாள் அப்படி ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டு, நோட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: “இது பஸ்ல நல்லா எடுபடும்மா.”

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. “இன்னாடி சொன்ன?”

“அழுது காட்டுனியாமே. உங்க பஸ் அக்கா பொண்ணு சொன்னா. அவளும் எனக்கு அதே மாதிரி அழுது காட்டுனா.” குரல் ஏறவே இல்லை. “அதுலேர்ந்து நானே கட்டிச் சொல்றேன். நாய் கதை எல்லாம் பொய்தான்.”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அறைந்தேன். குற்றம் என்மேல் இருக்கும்போது கை முந்திக்கொள்ளும், இது எனக்குப் பழைய வியாதி. அவள் அழவில்லை. அந்த விக்கலை அதற்கப்புறம் நான் கேட்டதே இல்லை.

இதையும் எழுதிவிடுகிறேன்: மறுநாள் காலையில் அவள் கட்டிக் கொடுத்த அந்தக் கதையைப் பஸ்ஸில் சொன்னேன். நன்றாகவே எடுபட்டது. அதற்கடுத்த நாளும் சாயங்காலம் போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். அவளும் ஒன்று சொன்னாள். பிச்சைக்காரிக்குக் காசு போடுவதுபோல தினம் ஒன்று போட்டாள். நானும் வாங்கிக்கொண்டேன். திரும்ப அந்த இன்ஜின் பெட்டிமேல் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

இப்படியே நாலைந்து மாதம் ஓடியது. தன் துணியைத் தானே துவைக்க ஆரம்பித்தாள். “பொண்ணுக்குப் பொறுப்பு வந்துருச்சு” என்று பஸ்ஸில் பீற்றிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். “ரோட்டுல விக்கிற பானிபூரியத் தின்னா இப்பிடித்தான்” என்று திட்டிக்கொண்டே ஓமத்தண்ணீர் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தாள்.

பிறகொரு திங்கட்கிழமை. நான் பஸ்ஸில் ஏறியதும் அக்கா முகம் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏண்டி, உம்பொண்ணு வயசுக்கு வந்து மூணு மாசம் ஆவுதாமே? ஊரு கதையெல்லாம் சொல்ற, இத சொல்லவேயில்ல?”

முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

“எனக்குத் தெரியாமலா? அன்னிக்கே ஓடியாந்து எங்கிட்ட சொல்லிட்டா. சடங்கு கிடங்கு எதுவும் வேணாம்மா, யாருகிட்டயும் சொல்லாதன்னா. புள்ள கேட்டுக்கிட்டா, நானும் வாய மூடிக்கிட்டேன்.”

“நீயா? வாய மூடுனியா?” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “குடுத்து வெச்சவடி நீ. எங்கூட்டுது எதுனா வாயத் தொறக்குதா? உன்னுது உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுது” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இரண்டு மூன்று பேர் எப்படிப் பேச வைத்தாய் என்று கேட்டார்கள். சேதராப்பட்டு வரும்வரை சொல்லிக் கொடுத்தேன். போனைத் தூர வை, நேராக உட்கார், திட்டாதே, அப்புறம் என்று மட்டும் கேள்.

அன்றைக்கு எத்தனை சோப்பை உறை மாற்றிப் போட்டேனோ, சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து திட்டினார். சாயங்காலம் வீட்டுக்குள் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

எதைக் கேட்கிறேன் என்று உடனே புரிந்துகொண்டாள். “சொன்னா சத்தியம் பண்ணுவ” என்றாள்.

“அதுக்கு? மீசைன்னு கூப்புட்டாளே, அவகிட்டயா போய் சொல்லுவ? இப்ப ஊரு பூரா சொல்லிட்டா பாத்தியா?”

“அவ சொல்லுவான்னு தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். ஸ்கூல் பாத்ரூம்ல அவகிட்டதான் நாப்கின் இருந்துச்சு.”

“அன்னிக்கு வயித்து வலின்னியே...”

“ஓமத்தண்ணி குடுத்த” என்றாள். குத்திக் காட்டக்கூட இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அந்தப் பள்ளிக்கூடக் கழிவறையில், அவளை அழ வைத்த ஒரு பெண், என் இடத்தில் நின்றிருக்கிறாள். நான் அந்த நேரம் சோப்புக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன், அல்லது யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். “இனிமே யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேண்டி” என்று அவள் தலையில் கை வைக்கப் போனேன். தலையை நகர்த்திக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். பாயில் உட்கார்ந்திருந்தாள். கணக்குப் புத்தகத்தை மூடித் தள்ளி வைத்துவிட்டு, என் கண்ணுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“எனக்கு முன்னாடியே தெரியும், எம்பொண்ணு எங்கிட்டதான் மொதல்ல சொன்னான்னு சொன்னியாமே பஸ்ல.”

நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

“நம்புனாங்களா?”

“நம்புனாங்க.”

அவள் தலையாட்டினாள். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை.

“அப்புறம்?” என்றாள்.