கத்துகிற முதலாளியும் பேசாத முதலாளியும்

ஆவடியில் வீட்டுமனை விற்கும் ஓர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். எண்பதுகளின் பிற்பகுதியில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலகினேன். அன்றன்றைக்கு நடந்ததை நாட்குறிப்பில் எழுதுவது என் பழக்கம். இங்கே வரும் கிழமைகள் அதிலிருந்து எடுத்தவை. பேச்சு மட்டும் நினைவிலிருந்து.

பங்குதாரர்கள் இருவர். பெரியவர் உள்ளூர்க்காரர், கத்துவார். தினமும் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் ஐந்து பேரும் அவர் மேசையைச் சுற்றி நின்று முந்தைய நாள் வேலையைச் சொல்ல வேண்டும். தவறு இருந்தால், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குச் சத்தம் எழும்பும். எதிர்க்கடையிலிருந்து டீ வந்ததும் நிறுத்திவிடுவார். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். சின்னவர் கணக்கு வாத்தியார் வேலையை விட்டு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதை எழுதிக் கொண்டுபோனாலும் “பாக்கலாம்” என்று வாங்கி, தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைப்பார். அவரை நாங்கள் நல்லவர் என்று நினைத்தோம். அதனால் கெட்ட செய்திகளெல்லாம் அவரிடமே போயின.

பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு மனைப்பிரிவு இருந்தது. மழையில் மண் இளகி அளவுக்கற்கள் சாய்ந்துவிடும். ஒவ்வொரு மார்கழியிலும் திரும்ப நடுவோம். அந்த ஆண்டு நட்டவர் எங்கள் களப்பணியாளர். பெரிய சாலையிலிருந்து அளந்துகொண்டு வந்தவர், முதல் மனைக்கு முன்னால் குறுக்குத் தெருவுக்காக விட வேண்டிய இருபது அடியை விடாமல் நட்டுவிட்டார். அந்த வரிசையில் எல்லா மனைகளும் இருபது அடி சாலைப் பக்கம் நகர்ந்துவிட்டன.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, முதல் மனையை வாங்கியவருக்கு இடம் காட்டப் போனபோதுதான் எனக்கு இது தெரிந்தது. வரைபடத்தில் தெரு இருக்கும் இடத்தில் அவருடைய கல் நின்றது. களப்பணியாளரைத் தனியாகக் கேட்டேன்.

“நட்ட அன்னிக்கு சாயங்காலமே தெரியும் நைனா. காலைல கூட்டத்துல நின்னுகினு எப்டி சொல்றது? அந்தாளு கிழிச்சிடுவாரு.”

நான்காம் மனையில் அதற்குள் வேலை தொடங்கியிருந்தது. அது ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பங்குனியில் அவர் ஓய்வு பெறுகிறார். அதோடு குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வீட்டு வேலையை அவர் மனைவிதான் முன்னால் நின்று பார்த்தார். கடைக்கால் குழி வெட்டியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை கருங்கல் போடுவதாக இருந்தார்கள். முப்பது அடி மனையில் இருபது அடி அடுத்தவருடையது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

அன்று மாலையே சின்னவரிடம் எழுதிக் கொடுத்தேன். “பாக்கலாம்” என்றார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் என் தாள் குண்டுக்கு அடியிலேயே இருந்தது. பெரியவரிடம் நான் போகவில்லை. களப்பணியாளருக்கு இருந்த பயம்தான் எனக்கும்.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் பெரியவரிடம் சொன்னேன்.

“எப்போ தெரியும் உனக்கு?”

“திங்கக்கெழமை சார்.”

“திங்கக்கெழமை தெரிஞ்சிகினு இன்னிக்கு வரைக்கும் இன்னாய்யா பண்ணிகினு இருந்தே? டைரி எழுதிகினு இருந்தியா?”

சின்னவரிடம் கொடுத்ததைச் சொன்னேன். எல்லோரும் திரும்பினோம். “யோசிச்சிட்டிருந்தேன்” என்றார் சின்னவர்.

டீ வந்தது. பெரியவர் குடிக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தார், பின்னால் நான் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது சித்தாள்கள் கருங்கல்லை எடுத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். “மேஸ்திரி, நிறுத்து! ஒரு கல்லு உள்ள போவக் கூடாது!” என்று கத்தினார் பெரியவர்.

“என்ன அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்து நிறுத்துங்கீக?” என்றார் அந்த அம்மாள்.

“தப்பு எங்களுதும்மா. கல்லைத் தப்பா நட்டுட்டோம். உங்க ஊடு அடுத்தவன் மனைல எழும்பிகினு கீது.”

அந்த அம்மாள் குழியைப் பார்த்தார். “பங்குனியில குவாட்டர்ஸ காலி பண்ணணும். நாங்க எங்க போயி நிக்க?”

“எங்கயும் நிக்க வேணாம். இன்னிக்கே அளந்து இன்னிக்கே வெட்டிடுறோம். எங்க ஆபீஸே வரும்.”

அப்படியே வந்தது. களப்பணியாளர் கடப்பாரையோடு முதலில் இறங்கினார். மதியம் சின்னவர் பேருந்தில் வந்து, ஒரு தாளைப் பிரித்தார். வரிசையிலிருந்த பதினோரு மனைகளுக்கும் திருத்திய அளவு அதில் சுத்தமாகப் போட்டிருந்தது. மூன்று நாளும் யோசித்ததாக அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நூல் பிடித்து அவர் வைத்த மூலைமட்டத்தில் மேஸ்திரியால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. பெரியவர் வராமல் இருந்தால் கருங்கல் போடுவது நின்றிருக்காது. சின்னவர் வராமல் இருந்தால் பொழுது சாய்வதற்குள் புதுக் குழி நேராக வந்திருக்காது. இதில் யார் நல்ல முதலாளி என்று நான் பிறகும் முடிவு செய்யவில்லை. களப்பணியாளர் மறைத்தது பதினெட்டு நாள், நான் நான்கு நாள். குறிப்பில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பெரியவர் ஒரு மாற்றம் சொன்னார். “இனிமே தப்பையெல்லாம் டீ வந்தப்புறம் சொல்லுங்க.” கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டும் அவரால் கத்த முடியும் என்பது திங்கட்கிழமையே தெரிந்தது.

பங்குனி மூன்றாம் வாரம், பூச்சு வேலை பாதி நிற்க, அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். முதலாளிகள் இருவரும் வந்திருந்தார்கள். அடுப்பில் பால் பாத்திரத்தை வைத்த அந்த அம்மாள், தீ மூட்டாமல் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, டேப்பு கொண்டாந்திருக்கீகளா?”

எப்போதும் பையில் இருக்கும். குறுக்குத் தெருவில் முதல் மனை தொடங்கும் ஓரத்தில் ஒரு நுனியைப் பெரியவர் பிடித்துக் குந்தினார். நான் முப்பது அடி மனைகள் மூன்றைத் தாண்டி நான்காம் மனையின் முதல் கல்வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தேன். ஐம்பது அடி டேப்பு. இரண்டு முறை பிடிக்க வேண்டியிருந்தது. விருந்தினர்கள் வழிவிட்டார்கள்.

“எம்புட்டு?” என்றார் அந்த அம்மாள் வாசலிலிருந்து.

நான் சின்னவரைப் பார்த்தேன். அவர் குனிந்து டேப்பைப் படித்தார்.

“தொண்ணூறு. சரியா இருக்கு” என்றார், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக.

அந்த அம்மாள் உள்ளே போய் அடுப்பை மூட்டினார்.