சந்தனம் வைத்த ஐ செவன்

பிள்ளை பெற்ற பிறகு என் கைக்கு வேகம் போய்விட்டது என்று முதலாளி சொன்னார். அவர் சொன்னதைவிட, நான் அதை நம்பினேன் என்பதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அரியலூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபடி ஒரு மணி நேரம். பக்கத்து மேசைக்காரர் ஒரு கல்யாணத்தை முடிப்பதற்குள் நான் ஒன்றரை முடிப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மகளுக்கு ஐந்து மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பினேன். என்னுடைய ஐ ஃபைவ் கம்ப்யூட்டர் பக்கத்து மேசைக்குப் போயிருந்தது. என் மேசையில் நீலமும் சிவப்புமாக லைட் எரிகிற ஒரு கறுப்புப் பெட்டி. ஆயுத பூசைக்கு வாங்கியதாம். பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஒனக்குன்னே ஐ செவன் வாங்கிப் போட்டிருக்கேம்மா. நீதான வேகமா பண்ற ஆளு" என்றார் முதலாளி. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ஒரு காட்சியை இழுத்தால் திரை உறைந்து நிற்கும். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி அரை நிமிஷம் சிலையாவார். முடித்த வீடியோவை ஒரே ஃபைலாக எடுக்கப் போட்டால் நான் சாப்பிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"ஐ ஃபைவ்ல அவன் பறக்குறான். ஐ செவன்ல ஸ்லோன்னா யாரும்மா நம்புவா? மெஷினச் சொல்லாத. புள்ள பெத்தா அப்படித்தான், நெனப்பெல்லாம் வூட்டுலயே இருக்கும்." திட்டவில்லை, இரக்கமாகச் சொன்னார். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கேட்டிருப்பேன்.

நானே இரண்டு கம்ப்யூட்டர்களின் விவரங்களையும் திறந்து பார்த்தேன். பழையதில் வேகம் 2.8 என்று இருந்தது. புதியதில் 3.4. ஐந்தைவிட ஏழு பெரிது, 2.8-ஐவிட 3.4 பெரிது. அப்படியானால் குறை என்னிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

லப்பைக்குடிக்காட்டு நிக்காஹ் ஒன்று என்னிடம் இருந்தது. பெண்ணின் அத்தா வளைகுடாவில் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர். மகள் கல்யாணத்தை வீடியோவில்தான் பார்க்க வேண்டும். நான் இரண்டு நாள் தாமதம். முதலாளி அதை எடுத்துப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

அதன்பிறகு வேலை போய்விடும் என்ற பயம் வந்தது. ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு ஏழரை மணி பஸ்ஸில் திரும்பத் தொடங்கினேன். நாலு மணிக்கே மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். பாத்ரூமில் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு வந்து உட்காருவேன். அதுவும் நேரம் தின்கிறது என்று, ஏழாவது மாதத்தில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்தேன். மகள் மூன்று நாள் கத்தினாள். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

மாசியில் பக்கத்து மேசைக்காரர் அரும்பாவூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு லீவு போட்டார். அவசர வேலை ஒன்று என்று அவர் இடத்தில், என் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். கை ஓடியது. பழையபடி ஓடியது. ஐந்து நிமிஷப் பாட்டுக் காட்சி ஒன்றை ஃபைலாக எடுக்க இரண்டிலும் ஒரே நேரத்தில் போட்டு, செல்போனில் நேரம் வைத்தேன். பழையது ஆறு நிமிஷத்தில் முடித்தது. லைட் எரிகிற பெட்டிக்கு இருபத்தொரு நிமிஷம்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூசைச் சந்தனத்தை யாரும் துடைக்கமாட்டார்கள். அதுவாக உதிரும்வரை இருக்கும். காய்ந்த சந்தனத்தின் ஓரத்தில் ஒரு சீட்டு நுனி தெரிந்தது, நான் நகத்தால் சுரண்டினேன். அடியில் கடைக்காரர் ஒட்டிய வெள்ளைச் சீட்டு. பேனாவில் தெளிவாக எழுதியிருந்தது: "ஐ7, மூணாவது ஜெனரேஷன், செகண்ட் ஹேண்ட்." என் பழைய ஐ ஃபைவ் எட்டாவது ஜெனரேஷன். ஜெனரேஷன் என்றால் சிப்பின் தலைமுறை, அந்த எண் கூடக் கூடத்தான் புதுசு. ஓட்டை பஸ்ஸில் எக்ஸ்பிரஸ் போர்டு மாட்டியது போல, ஏழு என்ற எண்ணைப் பார்த்து வாங்கியிருக்கிறார். இப்போதைய கேமரா எடுக்கிற வீடியோவை அந்தப் பழைய சிப்பால் மெல்லவே முடியாது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, எழுதித்தான் கொடுத்திருக்கிறார். அதன்மேலேயே சந்தனத்தை அப்பியது எங்கள் முதலாளி.

அவரைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னாலேயே மறுபடி இரண்டிலும் ஓடவிட்டேன். இருபத்தொரு நிமிஷமும் உட்கார வைத்தேன்.

"அடடா. கடையில ஜெனரேஷன்னு என்னமோ சொன்னான், நான் காதுல வாங்கல. ஏழுன்னா போதும்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு பெட்டியைப் பார்த்து, "சந்தனத்த ஏம்மா சொரண்டுன? பூசை பண்ணதுல்ல" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "புள்ள பெத்ததால கை மந்தமாவலன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

"அதையே புடிச்சுக்கிட்டு நிக்கிறியே. அதான் மெஷினுன்னு தெரிஞ்சிடுச்சுல்ல. ஒன்னோடத நீயே எடுத்துக்க, போ."

எடுத்துக்கொண்டேன். வயர்களை நானே பிடுங்கி நானே மாட்டினேன். அன்றைக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் மகளை மடியில் போட்டு மாராப்பை விலக்கினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.