செஞ்சியில் ஒயின் ஊற்றிய கதை

குடிக்காமல் இருப்பது சுலபம். குடிக்கிறவர் பக்கத்தில் குடிக்காமல் நிற்பதுதான் கஷ்டம், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். செஞ்சியில் ஒரு லாட்ஜ் பாரில் சர்வராக இருக்கிறேன். கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் மச்சானைத் தாங்கிப் பிடித்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே நீங்களும் நம்ம ஆள்தான்.

எங்கள் முதலாளி ஒருநாள் வெளியூர் போய்வந்த கையோடு, "இனிமே தரம்தான் முக்கியம். நல்ல ஒயின், கொஞ்சமா குடிக்கணும்" என்று அறிவித்தார். தண்டு வைத்த கண்ணாடி கிளாஸ்களும் வந்து இறங்கின.

முதல் கிளாஸ்

முதலில் மாட்டியவர் சிமெண்ட் கடை குப்பன். முதலாளி சொன்னபடி கிளாஸில் கால்வாசி மட்டும் ஊற்றிப் பணிவாக வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். மீதி எங்கே என்று என் கையைப் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்: "இன்னாண்ணே இது, லேப்ல டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தமாட்டம் இருக்குது?"

மண்டிக்காரர் திருந்தினார்

மணிலாக் கடலை மண்டி செல்வராசு தினமும் பிராந்தி குடிப்பவர். மகள் திட்டியதால், இனி ஒயின்தான் என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்தார். மோந்து பார்த்தார், கண்ணை மூடினார், சொட்டுச் சொட்டாக உறிஞ்சினார். எனக்கே மனசு குளிர்ந்துவிட்டது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினேன். செல்வராசு காலி கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "தரம் முடிஞ்சிது. இப்ப பிராந்தில அளவக் கொண்டா."

கோட்டை பார்க்க வந்தவர்

ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கிய சென்னைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஒயினில் கரைகண்டவர். நாக்கில் எங்கே படவேண்டும், மூக்கு எவ்வளவு இறங்கவேண்டும் என்று எனக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தார். நடுநடுவே, "அளவுதான் தம்பி நாகரிகம்" என்றார். பாடம் முடிவதற்குள் பாட்டில்கள் காலி. கூட வந்தவர் டேபிளிலேயே தூங்கிவிட்டார்.

பாடம் எடுத்தவர் வெளியே போய், எங்கள் முதலாளியின் காரில் தன் சாவியைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். எதிரே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற நேரம். சாவியைப் பிடுங்கி என் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவர் என் சட்டையைப் பிடித்தார், பட்டன் தெறித்தது. நான் கொடுக்கவில்லை. லாட்ஜ் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது வழியெல்லாம் கத்தினார்: "நான் குடிச்சது குவாலிட்டிய்யா, அதுக்குப் போதையே வராது!"

கலா வந்த மத்தியானம்

ஒரு மத்தியானம், ஜேசிபி ஓட்டும் ஏழுமலையின் மனைவி கலா நேராக பாருக்குள் வந்துவிட்டாள். எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். "நல்ல சரக்கு, கொஞ்சமாத்தான் குடிக்கிறேன்னு எம்புருசன் சத்தியம் பண்றாரு. கொஞ்சம்னா எவ்ளோண்ணா? ஊத்திக் காட்டு" என்றாள். தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, அந்த மட்டத்தில் கிளாஸின் மேல் ஒட்டினாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு கிளாஸோடு போய்விட்டாள்.

பிறகு ஏழுமலை பார் பக்கமே வரவில்லை. சந்தையில் பார்த்தபோது முகம் தெளிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், வீட்டிலேயே, சாப்பாட்டோடு, பொட்டு வரைக்கும்தானாம். நல்லாயிருக்குதா என்று கேட்டேன். பெருமூச்சு விட்டான்: "நல்லாத்தான் இருக்குது. ஆனா, கொஞ்சமா குடிச்சா அவ பேசறது பூரா தெளிவா கேக்குதுண்ணே."

இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது, 'போதும்' என்ற வார்த்தையைக் குடிக்கிறவர் சொன்னால் அது நாகரிகம், சர்வர் சொன்னால் அது திமிர் என்பதுதான்.