பாமாயில் இல்லாத ஓர் அண்டா

ஞாயிறு இணைப்புக்குப் பாமாயில் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். அன்று எங்கள் தெருவில் பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்காரரின் சாயப்பட்டறைக்குப் போனேன். அங்கே இன்வெர்ட்டர் உண்டு.

பாதி எழுதியிருந்தேன். சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காட்டை வெட்டி, எரித்து, எண்ணெய்ப்பனை நட்டார்கள். ஒராங்குட்டான் அந்தக் காட்டு மரங்களில் வாழும் வாலில்லாக் குரங்கு. பொழுது சாயும்போது கிளைகளை மடக்கிப் புதிதாக ஒரு படுக்கை செய்துகொள்ளும். வரிசை பிடித்து நிற்கும் பனந்தோட்டம் அதற்கு வீடாவதில்லை. யானைகள் தங்கள் பழைய தடத்திலேயே வந்து தோட்டத்துக்குள் மாட்டிக்கொள்கின்றன. இதற்கு அடுத்த பத்தியில், பாமாயில் நம் வீட்டுக்குள் எங்கெல்லாம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

மாமா பின்னால் நின்று திரையைப் படித்தார்.

“இன்னா ரிப்போர்ட்டரம்மா, பாமாயில்ல சுட்ட வடைய தின்னுகினே அத்த திட்டி எழுதறியா?”

வடை எதிர் டீக்கடையில் வாங்கியது. என்ன எண்ணெய் என்று நான் கேட்டிருக்கவில்லை. வடையைக் கீழே வைக்கத் திரும்பியபோது சோப்புப் பெட்டி கண்ணில் பட்டது.

கச்சாப் பட்டில் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் சாயம் சீராகப் பிடிக்கும். அதற்கான சோப்பு அந்தப் பெட்டியில் வருகிறது. பல வருடங்களாக அதன் மேல் காபி டம்ளர் வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தை அன்றுதான் படித்தேன், சத்தமாகவே. முதல் சரக்கே பாமாயில்.

“அதுக்கு நான் இன்னா பண்றது? குரங்குக்காக பட்ட பச்சத்தண்ணில வேகவெக்கட்டுமா?” என்றார் மாமா.

அப்போது பட்டறையில் ஒரு நெசவுக்கார அம்மாள் இருந்தார். இருபது வருடமாக மற்றவர்களின் கல்யாணங்களுக்குப் புடவை நெய்தவர். இப்போது தன் மகளின் முகூர்த்தப் புடவைக்காகத் தன் காசில் நூல் வாங்கி, முதலில் நெடுக்கு இழைக்கான பாவு நூலை வேகவைத்துச் சாயம் போடக் கொண்டுவந்திருந்தார். கூலிக்கு அல்லாமல் தன் வீட்டுக்கென்று அவர் நெய்யப்போகும் முதல் புடவை அது.

“அந்தக் குரங்கு குட்டிய எவ்ளோ நாள் வெச்சிகினு இருக்கும்?” என்று என்னைக் கேட்டார்.

“ஏழெட்டு வருஷம்.”

“அவ்ளோதானா? நான் இருவத்தி மூணு வருஷமா வெச்சிகினு இருக்கேன்!” என்று சிரித்தவர், மாமாவிடம் திரும்பினார். “கண்ணமங்கலத்துல எங்க சின்னம்மா தேங்காண்ணில சோப்பு காய்ச்சி விக்கிறாங்கண்ணா. அதுல போட்டுப் பாருங்களேன்.”

“உன் நூல்லயாம்மா?”

“முன்னாடி ஒரு சிட்டம் போடுங்க. நல்லா வந்தா மிச்சத்தப் போடுங்க.”

அடுத்த வாரம் சோப்பு வந்தது. ஒரே ஒரு சிட்டத்தை, அதாவது ஒரு கட்டு நூலை, சின்னப் பாத்திரத்தில் போட்டு, அடுப்பில் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் நூல் வெண்ணெய் மாதிரி இருந்தது. மறுநாள் மிச்சப் பாவு நூல் முழுவதும் பெரிய அண்டாவுக்குள் போனது.

மாமா கடிகாரம் பார்ப்பதில்லை. நுரை அடங்கினால் பசை போய்விட்டது என்பது அவருடைய கணக்கு. பழைய சோப்பில் அது தப்பியதே இல்லை. தேங்காயெண்ணெய் சோப்பு குபுகுபுவென்று பொங்கி, பசை போவதற்கு முன்பே அடங்கிவிட்டது. அவர் சிட்டங்களைக் கோலோடு தூக்கி அலசத் தொடங்கினார்.

அந்த அம்மாள் ஒரு சிட்டத்தைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார். சிட்டத்தைக் கட்டியிருந்த இடத்தில் விரல்கள் நின்றன.

“இங்க கெட்டியா கீதுண்ணா.”

அடுத்த சிட்டத்திலும் அப்படித்தான். அப்படியே அரக்குச் சாயத்தில் போட்டிருந்தால் புடவை நெடுக வெளிறிய திட்டுகள் விழுந்திருக்கும். மறுபடி வேகவைத்தால் நூல் நொந்து, தறியில் அறுந்துகொண்டே இருக்கலாம். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். “பேஜாராப் போச்சேம்மா” என்றார். பெட்டியைப் படித்துக் காட்டியவள் நான்.

“சிட்டம் கட்டின கயித்த தளத்துங்க. திரும்பப் போடுவோம்,” என்றார் அம்மாள். “நுரைய வுடுங்க, நான் பாக்கறேன்.”

அண்டா அருகே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அடிக்கடி ஒரு சிட்டத்தைக் கோலால் எடுத்து, ஆறவிட்டு, கட்டின இடத்தையே அமுக்கிப் பார்த்தார். நான்காவது முறை சரி என்று தலையை ஆட்டினார். சாயம் மறுநாள் ஏறியது.

அந்த வாரம் என் கட்டுரையில் ஒரு பத்தியை அடித்துவிட்டேன். பாமாயிலை வீட்டை விட்டு விரட்டுங்கள் என்று அதில் எழுதியிருந்தேன். எண்ணெய்ப்பனை குறைந்த நிலத்தில் நிறைய எண்ணெய் தரும் பயிர். தேங்காய்க்கும் நிலம் வேண்டும். காட்டை அழித்து நட்ட தோட்டத்து எண்ணெயா என்று கேட்டு வாங்குவதுதான் முக்கியம். சில கம்பெனிகள் அப்படிக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. சில இடங்களில் ஒதுக்கிவைத்த காட்டுத் துண்டுகளுக்கிடையே மரம் நட்டுக் குரங்குக்கு வழி விடுகிறார்கள். அவற்றைச் சேர்த்தேன்.

தறியில் ஏற்றுவதற்காகப் பாவு இழைகளைத் தெருவில் நீட்டிக் கட்டிய அன்று விடியற்காலையிலேயே அந்த அம்மாளின் தெருவுக்குப் போனேன். தெரு நீளத்துக்கு அரக்கு நிறம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து பார்த்தபடி நடந்தேன். வெளிறல் எங்கும் இல்லை. இரண்டு இடத்தில் இழை அறுந்திருந்தது. அம்மாள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வாட்டி வெந்ததாலயா?” என்று கேட்டேன்.

“ரெண்டு இழை எல்லாப் பாவுலயும்தான் போவும். நீங்க நகருங்க, வெயிலு வருதில்ல.”

மாமா மறுபக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குறுக்கே ஓடும் ஊடை வேறு நிறம்; அந்த நூல் இன்னும் வேகவில்லை.

“ஊடை நூல எப்பம்மா குடுக்கற?”

“நாளைக்கிண்ணா.”

“எந்த சோப்பு?”

“கண்ணமங்கலம்தான்,” என்றார் அவர், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். “அமுக்கிப் பாக்க நானே வரேன்.”