கெட்ட நீர் என்று சொன்னார்கள்

எந்த இரவிலிருந்து என் வியர்வை பிரசவ வியர்வையாக இல்லாமல் போனது? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மகள் பிறந்தது டிசம்பரில். தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எல்லோரும் ரஜாய்க்குள் (பஞ்சுப் போர்வை) சுருண்டிருக்க, நான் மட்டும் நனைந்து எழுவேன். நைட்டியைப் பிழியலாம்.

பேறுகாலம் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு அதில் திருப்தி. "கெட்ட நீரெல்லாம் எறங்கட்டும் மக்ளே" என்று பேறுகால மருந்தில் இன்னொரு உருண்டை தந்தார்.

"ஹீட்டர் பக்கத்துல படுத்தா வேர்க்காதா?" என்றார் கணவர். ஹீட்டரை அணைத்தோம். மறுநாளும் நனைந்திருந்தேன். "அச்சா, அப்போ ரஜாய்தான்" என்றார்.

ஹோலி முடிந்து ஹீட்டர் பரண் ஏறியது. வியர்வை நிற்கவில்லை. எடை குறைந்தது; பக்கத்து வீட்டு பாபி (அண்ணி) என்ன டயட் என்று கேட்டார். லேசான இருமல். தில்லியில் யாருக்குத்தான் இல்லை?

சளியில் ரத்தம் கண்ட பிறகே மருத்துவமனை. தூக்கத்தில் வியர்க்கக் காரணங்கள் பல என்றார் டாக்டரம்மா: தைராய்டு, சர்க்கரை இறங்குதல், சில மாத்திரைகள், பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் ஹார்மோன் மாற்றம். எனக்கு நுரையீரல் காசநோய் (டிபி).

"இத்தனை மாதம் ஏன் வரவில்லை, பேட்டா?" என்றார். கூட வந்திருந்த கணவர் மருந்துச் சீட்டை வாங்கி மடித்தார்.

குழந்தைக்கு நோய் தொற்றவில்லை. தடுப்பு மருந்து தந்தார்கள். தாய்ப்பாலில் இது பரவாது, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார்.

"டாக்டருக்கென்ன, அவ பெத்த பிள்ளையா?" என்றார் மாமியார். அன்று மாலையே கணவர் பால்பவுடர் டப்பாவோடு வந்தார். மார்பில் பால் கட்டி வலித்து, பிறகு வற்றியது.

மருந்துகளில் ஒன்று (ரிஃபாம்பிசின்) வியர்வையை ஆரஞ்சு நிறமாக்கியது. தலையணை உறையில் கறை. அதைக் கெட்ட நீர் என்று யாரும் மகிழவில்லை. என் துணிகளைத் தனியாக ஊறவைத்தார்கள். மகளை மாமியார் தன்னருகில் படுக்கவைத்துக்கொண்டார்.

ஆறு மாத மருந்து முடிந்து, இப்போது குணமாகிவிட்டது என்கிறார்கள். இந்தக் கோடையில் கரண்ட் போனால் வீடே வியர்க்கிறது. நான் மட்டும் எழுந்து வெப்பமானி தேடுகிறேன். காய்ந்த இரவு, நனைந்த இரவு என்றுதான் என் நாட்கள் போகின்றன.

மகள் மறுபடி என்னருகில்தான் தூங்குகிறாள். அவள் என் முகத்தருகே உருண்டு வந்தால், என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இதே நோயிலிருந்து மீண்ட தாய்மார்கள் எழுதுங்கள்: உங்கள் பிள்ளையின் முகத்துக்கு நேரே எப்போது தயங்காமல் மூச்சு விட்டீர்கள்? அதற்கு என்ன செய்தீர்கள்?