பெட்ஷீட்டில் மிதந்த நீலப் பூச்சி

நேற்று மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில், நடுக்கடலில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது ஒரு நீலப் பூச்சி. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஓடில்லாத கடல் நத்தையாம். பழைய கூட்டாளியைப் பார்த்ததுபோல் நான் சிரித்தேன். கடலே இல்லாத சூலூரில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அவள் விழித்தாள். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

இவள் பிறப்பதற்கு முன்பு நான் சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் டிசைன் வரைபவன். சேர்ந்து இரண்டே மாதம். வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பூச்சியின் படத்தை அனுப்பி, குழந்தைகளுக்கான பெட்ஷீட்டில் நெய்து தரக் கேட்டார்கள். சாம்பிள் பிடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் காங்கேயத்தில் அப்பாவின் எண்ணெய் மில்லில் தேங்காய்ப் பருப்பு காயப்போட வேண்டியதுதான். அந்த வாசம் இப்போது பிடிக்கும். அப்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை பூச்சிகளை மிதக்கவிட்டேன். தறியிலிருந்து இறங்கிய சாம்பிளை மடிக்க வந்த சரசக்கா, விரித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"ஏனுங்க தம்பி, பெட்ஷீட் பூராப் பல்லிய உட்டுருக்கறீங்க?"

"பல்லி இல்லீங்க அக்கா. கடல் நத்தைங்க."

"நத்தைக்கு ஏதுங்க வெரலும் வாலும்?"

பேச்சு முதலாளியின் காதுக்குப் போயிற்று. அவர் சத்தம் போடவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றித் திருப்பினார். அட்டையின் பின்னால் பல்லி விழும் பலன்.

"தலைல உழுந்தா கலகமுங்க. கொழந்தைக போத்தறது, தலைமாட்டுல ஒண்ணும் வேண்டாம். பாதத்துல நோயின்னு போட்டிருக்குது, அதையும் எடுத்துப்போடுங்க. தோளு வெற்றி, அங்க நாலு வையுங்க. வயிறு வலது பக்கம் தானியம். தாராளமா வையுங்க."

"அவங்களுக்குப் பல்லி பலனெல்லாம் தெரியாதுங்களே."

"தெரியாதவங்க மேல உழுந்தா பலிக்காதுங்களா?"

அவர் சொன்னபடியே திரும்ப வரைந்தேன். காலண்டரைப் பார்த்துக் கடல் பூச்சி வரைந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாம்பிள் போன அன்றே ஊருக்குப் பெட்டியும் கட்டிவைத்தேன்.

பத்தாம் நாள் வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது, சாம்பிள் பிடித்துவிட்டதாம். கடலில் காற்று ஒதுக்கும் பக்கம் இவை இப்படித்தான் கூட்டமாகச் சேர்ந்து மிதக்குமாம். இவ்வளவு கவனித்து வரைந்தவர் யார் என்று கேட்டிருந்தார்கள். முதலாளி காலண்டரைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. முதலாளியும் போய்ச்சேர்ந்துவிட்டார். சரசக்கா எங்கே இருக்கிறாரோ, நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. பதில் வந்த அன்று முதலாளி என் கையில் கொடுத்த, அதே டிசைனில் நெய்த இன்னொரு சாம்பிளைத்தான் இன்னும் போர்த்திக்கொள்கிறேன். குழந்தை அளவு, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்து இழுத்துப் போர்த்தியதில் தோளில் இருந்த வெற்றி நான்கும் நைந்து, இருந்த இடம் தெரியவில்லை. வலது வயிற்றுப் பக்கம் மட்டும் நீலம் அப்படியே இருக்கிறது. என் தொப்பையைப் பார்த்தவர்கள் தானியப் பலனைச் சந்தேகப்பட மாட்டார்கள்.