உப்பில் கிடந்த கல்

குளியலறை டைல் ஒன்றின் முதுகுப்பக்கத்தில் கல்லை அழுத்தி இழுக்கிறார் ஜெமீலா. செங்காவி நிறத்தில் கோடு விழுகிறது; தேடுகிற கல்லென்றால் கோடு விழாது. கல்லை வரப்புக்கு அப்பால் எறிகிறார். அடுத்ததை, பழைய றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோகிறார். டக்கென்று ஒட்டுகிறது. ஆனால் உருக்காலைக் கசடுபோல மேலெல்லாம் குமிழ் வெடித்த துளைகள். "இது வானத்தால விழுந்ததில்ல, லொறியால விழுந்தது" என்று அதையும் எறிகிறார். காலை ஏழு மணிக்குள் இப்படிப் பதினொரு கற்கள். பிறகு கால்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உப்பு வார இறங்குகிறார்.

பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் இருபத்திரண்டு வருடங்களாக அவருக்கு இதுதான் தொழில். குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருக்கின்றன. தொண்ணூறாம் ஆண்டு, பதினாறு வயதில், மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரோடும் விரட்டப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். யுத்தம் முடிந்த பிறகு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பார்த்தாராம். வீடிருந்த இடத்தில் உடைமரம் மண்டி, கிணற்றடிக்குப் போகக்கூட வழியில்லை. மறுநாளே திரும்பி பஸ் ஏறிவிட்டார்.

விண்கல் பித்து அவருக்கு வந்தது ஜெனிஸ்டன் சேர் என்ற ஆசிரியரால். சிலாபத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் இவர், வானத்திலிருந்து விழுந்த கற்களைத் தேடித் திரியும் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவர். கைத்தொலைபேசியில் அவர்களுக்கு ஒரு குழு உண்டு. கற்களைப் படம்பிடித்துப் போடுவார்கள், விற்பார்கள், மாற்றுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள். மாணவர்களுக்கு உப்பளம் காட்ட வந்த சேர், பனி மூடிய நாடுகளில் வெள்ளைத் தரையில் கறுப்பாகக் கிடப்பதால்தான் இந்தக் கற்கள் சுலபமாக அகப்படுகின்றன என்று போகிற போக்கில் சொன்னார். மற்றப் பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். எங்களிடமும் வெள்ளைத் தரைதானே இருக்கிறது என்று ஜெமீலா கேட்டார். சேர் சுற்றிலும் பார்த்தாராம்.

தேடத் தொடங்கிய நான்காம் மாதம், மாரிமழையில் கரைந்த வரப்பொன்றுக்குள் அது இருந்தது. எலுமிச்சம்பழத்தளவு. தூக்கினால் கை தாழ்ந்தது. பிசைந்த மாவில் பெருவிரல் பதித்ததுபோல் மேலெல்லாம் குழிகள். சேர் ஒரு மூலையை அரத்தால் தேய்த்தபோது உள்ளே வெள்ளியாக மின்னியது. ஒரு சீவலை வெட்டிப் பல்கலைக்கழகமொன்றுக்கு அனுப்பினார்கள். குழுவிலிருந்த எல்லோரும் அன்றிலிருந்து ஜெமீலாவை மூத்த சகோதரியாக்கி ராத்தா என்று அழைத்தார்கள்.

மதுரங்குளியில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் ஹிஷாமும் அந்தக் குழுவில் ஒருவர். கொழும்பில் தெரிந்தவர்களுக்குக் காட்டிவிட்டு வருவதாகக் கல்லை வாங்கிப்போனார். மூன்றாம் நாள் பத்திரமாகக் கொண்டுவந்தும் கொடுத்தார். ஆனால் அந்த வாரம் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. ஹிஷாம் கல்லை உயர்த்திப் பிடித்து நிற்கிறார். கீழே, கண்டெடுத்தவர் என்று அவருடைய பெயர். நிருபர் விட்ட பிழை என்றார் ஹிஷாம். திருத்தம் வரவில்லை. திருத்தும்படி ஹிஷாம் கேட்கவுமில்லை.

"என்ட பேர் அச்சில வந்தது நிவாரணக் கார்டில மட்டுந்தான்" என்று என்னிடம் சொன்னபோது ஜெமீலா கோபப்படவில்லை. யாரோ ஒருவருடைய நோயைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு கல்லை அவர் எவர் கையிலும் கொடுக்கவில்லை. பிஸ்கட் தகரப் பேணியில் ஈரம் உறிஞ்ச அரிசி போட்டு, அதற்குள் புதைத்து, அலுமாரியில் வைத்துப் பூட்டினார். உப்புக்காற்று இந்த வகைக் கற்களைத் தின்றுவிடும், ஹிஷாமின் கடையில் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, கொஞ்சக் காலம் அங்கே இருக்கட்டும் என்று சேர் கெஞ்சிப் பார்த்தார். அங்கே போனால் அது ஹிஷாமின் கல்லாகிவிடும் என்று ஜெமீலா மறுத்துவிட்டார்.

ஒரு வருடம் தாண்டவில்லை. ஒருநாள் விடியற்காலையில் சேருக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"கல்லு வேர்க்குது சேர்."

அரிசி பழுப்பாகியிருந்தது. கல்லின் மேல் கபில நிறத்தில் சின்னச் சின்னத் துளிகள். சேர் ஸ்பிரிட் போத்தலோடு வந்து கழுவினார். அடுப்புச் சூட்டில் உலர்த்தினார்கள். கொஞ்ச நாள் நின்றது, பிறகு மறுபடி வேர்த்தது. இரண்டாவது மாரியில் கல் நடுவால் பிளந்தது. பிறகு ஏடு ஏடாகக் கழன்றது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேணியைத் திறந்து பார்ப்பதை ஜெமீலா நிறுத்தவில்லை. திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கியிருக்கும் என்று சேர் பிறகுதான் சொன்னார்.

பல்கலைக்கழகத்துக் கடிதம் போன வருடம் வந்தது. கல் உண்மையானதுதான்; எஞ்சிய பகுதி வந்தால்தான் பதிவு; அதையும் கண்டெடுத்தவரின் பெயரையும் அனுப்பவும். சேர் அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். ஜெமீலா பேணியைத் திறந்து அவர் பக்கம் சரித்தார். உள்ளே ஒரு பிடி துருத்தூள். அடுத்த நாள் வழமைபோல் வேலைக்குப் போனார்.

"குடுத்திருந்தா கல்லு மிஞ்சியிருக்கும்" என்றார் என்னிடம். "பேர்தான் போயிருக்கும். இப்ப ரெண்டும் இல்ல."

இப்போது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. உப்பின் வெளிச்சத்தில் இருபது வருடம் நின்றதில் இரண்டு விழிகளிலும் சதை வளர்ந்துவிட்டது. ஒருமுறை வெட்டி எடுத்தார்கள். மறுபடி வளர்ந்தது. வெயில் ஏறிய பிறகு நிறம் பிடிபடுவதில்லை. அதனால் விடியலில் தேடுகிறார். செருப்புப் போடாமல், பாதங்களால் தடவித் தடவி.

சென்ற ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஐந்து பேர் வேன் ஒன்றில் வந்தார்கள். நானும் போயிருந்தேன். நேரம் பத்தைத் தாண்டியிருந்தது. எப்போதும்போல் ஜெமீலா முன்னால் நடந்தார். உலர்ந்த பாத்தியொன்றில் காலில் ஏதோ தட்டுப்பட, குனிந்து எடுத்துக் கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேர் தூரத்தில் நின்றார். பக்கத்தில் நின்றது ஹிஷாம்தான். அந்தப் படம் வந்த நாளிலிருந்து அவர்கள் ஸலாமுக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தம்பி, இது கறுப்புத்தானே?"

அது செங்கல் துண்டு. நான் நின்ற இடத்துக்கே அதன் சிவப்பு தெரிந்தது. ஹிஷாம் கல்லைப் பார்த்தார். பிறகு அவருடைய கண்களைப் பார்த்தார்.

"ஓம் ராத்தா. கறுப்புத்தான்."

ஜெமீலா அதை உள்ளங்கையில் இரண்டு தரம் போட்டுப் பிடித்து எடை பார்த்தார். கை தாழவில்லை. ஹிஷாமின் தோளில் வாய் திறந்து தொங்கிய பையைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்குள் மெதுவாகப் போட்டார். பிறகு அடுத்த வரப்பில் ஏறினார்.